வீட்டில் கற்கும் சிறாரும் கோடைகாலப் பாடத்திட்டமும்: குச்சவெளிக் கடற்கரையை அடிப்படையாகக் கொண்ட சில சிந்தனைகள்

பாடசாலை மூடப்பட்டிருக்கும் காலத்தில் பிள்ளை எதனைக் கற்கின்றது, யாரிடம் கற்கின்றது என்னும் வினாக்கள் எமது கல்விச் சிந்தனையில் உரிய இடத்தைப் பெற்றதில்லை. கல்வி என்றால் பாடசாலை, பாடசாலை என்றால் பரீட்சை என்ற நோக்கு எம்மிடையே ஆழ வேரூன்றியிருப்பதே இதற்குக் காரணம் எனலாம். ஆயினும் 2020 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கொரோனாத் தொற்றின் பொருட்டு நாடெங்கும் பாடசாலைகள் மூடப்பட்டபோதும், 2022 இல் எரிபொருட் பஞ்சத்தால் அவை மீண்டும் மூடப்பட்டபோதும், ஒவ்வொரு வீடும் தான் விரும்பாமலே ஒரு பாடசாலையாயிற்று. அந்த அனுபவத்தின் பின்னர் மேற்கூறிய வினாக்களை ஒதுக்கிவிடுதல் இயலாது.

வீட்டில் கற்கும் சிறாருக்கான கோடைகாலப் பாடங்களை எவ்வாறு திட்டமிடலாம் என்பதைத் திருகோணமலைக்கு வடக்கேயுள்ள குச்சவெளிக் கடற்கரையை நிலைக்களனாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் வாழும் குச்சவெளிப் பிரதேசம் தெற்கே நிலாவெளியிலிருந்து வடக்கே புல்மோட்டை வரை நீண்டு கிடப்பது. கடற்றொழிலும் வேளாண்மையும் உப்பு விளைவும் அதன் வாழ்வுக்கு அடிப்படைகள். இத்தகைய ஒரு பிரதேசத்திற்கு, வேறொரு நாட்டின் காலநிலையிலும் வர்க்கச் சூழலிலும் உருவான பாடத்திட்டத்தை அப்படியே பெயர்த்து வைத்தல் பொருந்துமா என்பதே நாம் முதலில் எழுப்ப வேண்டிய கேள்வி.

1. இரு சொற்கள்

'வீட்டுக்கல்வி', 'கோடை' ஆகிய இரு சொற்களையும் முதலில் வரையறுத்துக்கொள்ளல் வேண்டும்.

மேலைநாடுகளில் வீட்டுக்கல்வி என்பது பெற்றோரின் தெரிவு. இங்கிலாந்தின் 1944 ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், பிள்ளைக்குக் கல்வி கிடைக்கச் செய்வதைப் பெற்றோரின் கடமையாக்கியபோது, அது பாடசாலை மூலமோ வேறு வழியாலோ நிறைவேறலாம் என இடமளித்தது. ஐக்கிய அமெரிக்காவில் யோன் ஹோல்ற் 1977 இல் பாடசாலையின்றி வளரும் பிள்ளைகளைப் பற்றிய இதழொன்றைத் தொடக்கினார். 1990களின் முற்பகுதிக்குள் அந்நாட்டின் எல்லா மாநிலங்களிலும் வீட்டுக்கல்வி சட்டத்தின் ஏற்பைப் பெற்றது. இலங்கையிலோ 1945 இலிருந்து இலவசக் கல்வி நடைமுறையில் உள்ளது. 1997 ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் 5 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளின் பாடசாலை வருகையைக் கட்டாயமாக்கின. 2016 இல் அவ்வெல்லை 16 வயதாக உயர்த்தப்பட்டது. ஆகவே எமது நாட்டில் வீட்டுக்கல்வி ஓர் இயக்கமாக எழவில்லை. இங்கே பிள்ளை வீட்டிற் கற்க நேர்வது பெரும்பாலும் தெரிவினாலன்று, நிர்ப்பந்தத்தினாலாகும். போர், இடப்பெயர்வு, ஆழிப்பேரலை, தொற்றுநோய், வறுமை என்பனவே அந்நிர்ப்பந்தத்தின் வடிவங்கள்.

அடுத்தது 'கோடை'. மேலைநாட்டு நாட்காட்டியில் அது யூன் முதல் ஓகஸ்ட் வரையுள்ள நீண்ட விடுமுறை. எமது பாடசாலைகளிலோ ஏப்பிரல், ஓகஸ்ட், டிசெம்பர் என மூன்று தவணை விடுமுறைகளே நெடுங்கால வழக்கு. முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்புகால விடுமுறை வேறாக உண்டு. பிறையாண்டு சூரிய ஆண்டிலும் ஏறத்தாழ 11 நாள் குறைந்ததாதலின், அவ்விடுமுறை ஆண்டுதோறும் முன்னோக்கி நகர்ந்து, ஏறக்குறைய 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றிவரும். எனவே குச்சவெளியில் ஒரே தெருவில் வாழும் இரு வீட்டுப் பிள்ளைகளின் விடுமுறைகள் ஒன்றாயிருத்தல் வேண்டுமென்பதில்லை.

ஆயினும் கோடை என்ற சொல்லுக்கு வேறொரு பொருளும் உண்டு. பழந்தமிழில் வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து வருவது தென்றல், கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை. கோடை என்பது வெயிற் பருவத்தின் பெயராவதோடு மேற்குக் காற்றின் பெயரும் ஆகும். எமது கரையோர வழக்கில் இம்மேற்குக் காற்றைக் கச்சான் என்பர். தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவிலே தன் மழையைப் பொழிந்துவிட்டு, ஈரமிழந்து வெம்மையுற்றுக் கிழக்குக் கரைக்கு இறங்கி வருகின்றது. திருகோணமலைப் பகுதி தன் ஆண்டு மழையின் பெரும்பங்கை ஒக்டோபர் முதல் ஜனவரி வரையிலேயே பெறுகின்றது. எஞ்சிய மாதங்களிற் பெரும்பாலானவை வறண்டவை. இவ்வறண்ட பருவத்தையே நாம் இக்கட்டுரையிற் கோடை எனக் கொள்கின்றோம். கரைவலை இழுக்கப்படுவதும், உப்பு விளைவதும், மேற்குக் கரையிலிருந்து மீனவர் வந்து வாடி அமைப்பதும் இப்பருவத்திலேயே. அதாவது, ஊரின் உழைப்பு உச்சமடையும் காலமும் இதுவே.

2. வரலாற்றுப் பின்னணி

வீட்டை ஒட்டிய கல்வி எமக்குப் புதியதன்று. திண்ணைப் பள்ளிகளில் மணலில் விரலால் எழுதி எழுத்தறிந்தமையும், எண்சுவடியை வாய்ப்பாடமாக ஓதியமையும், மூத்த மாணவன் இளையவனுக்குக் கற்பித்தமையும் நாம் அறிந்தவை. 1789 இல் சென்னையில் படையினரின் ஆண் பிள்ளைகளுக்கான காப்பகத்தின் பொறுப்பை ஏற்ற அந்திரு பெல், இம்மண் எழுத்து முறையைக் கண்டு தமது பள்ளியிற் புகுத்தினார். மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் முறையை அவர் 1797 இல் நூலாக வெளியிட்டபின், அது 'சென்னை முறை' என்ற பெயரில் இங்கிலாந்தெங்கும் பரவிற்று. மணலும் மூத்த பிள்ளையும் போதும், ஒரு வகுப்புத் தொடங்கலாம் என்பதை உலகம் எமது திண்ணைகளிலிருந்து கற்றது என்பது மனங்கொள்ளத்தக்கது.

எனினும் அப்பழைய முறையைப் புகழ்ந்து நின்றுவிடுதல் வரலாற்று நேர்மையன்று. திண்ணை எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை. சாதியும் பாலும் பொருள்வளமும் அதன் வாயிலைக் காத்து நின்றன. இலவசக் கல்வியும் கட்டாயக் கல்வியுமே மீனவன் மகளுக்கும் வகுப்பறையில் இடந்தந்தன. ஆதலின் பாடசாலையை ஒழிப்பதே விடுதலை என 1971 இல் இவான் இலிச் முன்வைத்த வாதம் எமது சூழலுக்கு முழுதும் பொருந்தாது. 1980களின் நடுப்பகுதி தொடக்கம் திரியாய், கும்புறுப்பிட்டி முதலிய ஊர்களின் மக்கள் இடம்பெயர நேர்ந்தபோதும், 2004 டிசெம்பர் 26 இல் ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியபோதும், பாடசாலையின் இழப்பு இம்மக்களுக்கு ஒரு காயமாகவே இருந்தது. வீட்டுப் பாடத்தைப் பாடசாலைக்கு மாற்றாகவன்றி, அவ்விழப்பின் ஊடே பிள்ளையின் கல்வியுரிமையைக் காக்கும் ஒரு கருவியாகவே நாம் கருதுகின்றோம்.

3. விடுமுறையில் இழப்பது எது?

விடுமுறைக்காலத்தில் கற்றது மறக்கப்படுகின்றது என்பது பொதுவான நம்பிக்கை. ஹரிஸ் கூப்பரும் பிறரும் 1996 இல் பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி, கோடை விடுமுறையில் மாணவர் ஏறத்தாழ ஒரு மாதப் படிப்பை இழப்பதாகவும், இவ்விழப்பு கணிதத்தில் மிகுதி எனவும், வாசிப்பில் வறிய பிள்ளைகளுக்கே பெரிது எனவும் காட்டினர். அமெரிக்காவின் பல்ரிமோர் நகரில் 1982 முதல் ஒரு தலைமுறை மாணவரைத் தொடர்ந்து நோக்கிய கார்ல் அலெக்சாந்தரும் துணைவரும், பாடசாலை நடக்கும் மாதங்களில் வறிய பிள்ளையும் வசதியுள்ள பிள்ளையும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் முன்னேற, விடுமுறைகளிலேயே இடைவெளி வளர்கின்றது என்றனர். பிற்காலத்தில் போல் வொன் ஹிப்பெல் முதலியோர், இவ்விடைவெளியின் அளவு பயன்படுத்தப்பட்ட பரீட்சைகளின் அமைப்பைப் பொறுத்து மாறக்கூடும் என ஐயம் எழுப்பியுள்ளனர். ஆகவே எண்களை வேதவாக்காகக் கொள்ளாது, வாசிக்க நூலில்லாத வீட்டிலேயே பாடசாலை மூடலின் பாரம் கூடுதலாக விழுகின்றது என்ற அளவோடு அமைவோம்.

எமக்கு மிக அண்மையதான சான்று தமிழ்நாட்டிலிருந்து கிடைக்கின்றது. அங்கு 2021 ஒக்டோபரில் விழுப்புரம் மாவட்டத்து மரக்காணத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' என்ற அரசுத் திட்டம் தொடக்கி வைக்கப்பட்டது. ஊரிலேயே வாழும் தன்னார்வலர், 1 முதல் 8 வரையிலான வகுப்பு மாணவரை மாலையில் ஒன்று அல்லது ஒன்றரை மணி நேரம் வீட்டருகே கூட்டிக் கற்பித்தனர். கிராமப்புறங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளை ஆராய்ந்த சிங், ரொமெரோ, முரளிதரன் ஆகியோர், பெருந்தொற்றுக் காலத்து இழப்பில் மூன்றில் இரு பங்கு பாடசாலைகள் திறந்த ஆறு மாதங்களுள் ஈடுசெய்யப்பட்டது எனவும், அம்மீட்சியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இத்திட்டத்தால் விளைந்தது எனவும் கண்டனர். ஏனைய பங்கு எதனால் வந்தது? பெரும்பாலும் பாடசாலை மீண்டும் இயங்கியதனால். நாளொன்றுக்கு ஒன்றரை மணி நேரத்தில் உண்மையான பயன் உண்டு. அப்பயன் பாடசாலையின் இடத்தை நிரப்புவதன்று என்பதையும் இதே ஆய்வு உணர்த்துகின்றது.

4. திட்டத்தின் அடிப்படைகள்

மேற்கூறியவற்றிலிருந்து மூன்று விதிகளைப் பெறலாம்.

முதலாவது, நேரம் சிறிதாகவும் உறுதியாகவும் இருத்தல் வேண்டும். வெயில் ஏறுமுன் காலையில் ஒன்றரை மணி நேரம் போதும். அதில் அரைமணி வாசிப்பு, இருபது நிமிடம் எண்கணிதம், எஞ்சிய நாற்பது நிமிடம் செயலோடு கூடிய பாடம். இரண்டாவது, கற்றது இடைவெளிவிட்டு மீட்கப்படல் வேண்டும். மறதியின் இயல்பை எபிங்ஹவுஸ் 1885 இலேயே அளந்து காட்டினார். இன்று கற்றதை மறுநாளும், மூன்று நாள் கழித்தும், ஒரு வாரங் கழித்தும் ஐந்து நிமிடம் நினைவுகூர்ந்தால், ஒரே நாளில் ஐம்பது முறை எழுதுவதிலும் அது நிலைக்கும். மூன்றாவது, பாடப்பொருள் ஊரிலிருந்தும் பருவத்திலிருந்தும் எடுக்கப்படல் வேண்டும். இம்மூன்றாவதே விரிவாக நோக்கற்பாலது. நான்கு வாரத் திட்டமொன்றை மாதிரியாகக் கீழே தருகின்றோம்.

முதல் வாரம்: நிழல். குச்சவெளி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 8.8 பாகையில் உள்ளது. எனவே சூரியன் ஆண்டில் இருமுறை இவ்வூரின் நேர் உச்சியைக் கடக்கின்றது. ஒருமுறை ஏப்பிரல் 12, 13 ஆம் நாட்களில், அதாவது சித்திரைப் புத்தாண்டை ஒட்டி. மறுமுறை ஓகஸ்ட் 30 ஆம் நாளளவில். அந்நாட்களில் நண்பகல் 12 மணி 6 நிமிடமளவில் நிலத்தில் நிமிர்த்தி நாட்டிய கோலுக்கு நிழல் இராது. இவ்விரு நாட்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் நண்பகல் நிழல் தெற்கே விழும். யூன் 21 இல் 100 சென்ரிமீற்றர் கோலின் நிழல் தெற்கே ஏறத்தாழ 26 சென்ரிமீற்றர். டிசெம்பர் 22 இல் அது வடக்கே ஏறத்தாழ 63 சென்ரிமீற்றர். ஒரு கோலும் அளவுநாடாவும் கொண்டு, சூரியனை நேரே நோக்காமல், பூமியின் சாய்வைப் பிள்ளை தானே கண்டறிய இதனிலும் எளிய வழியில்லை. தலைநகரின் பாடநூல் கூறாத ஒன்றைத் தன் முற்றம் கூறுகின்றது என்ற உணர்வு பிள்ளைக்குப் பெரிய ஊக்கமாகும்.

இரண்டாம் வாரம்: உப்பு. கடல்நீர் ஒரு லீற்றரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புக்கள் கரைந்துள்ளன. அகன்ற தட்டொன்றில் ஒரு லீற்றர் கடல்நீரை ஊற்றி வெயிலில் வைத்தால், நீர் பத்திலொரு பங்களவாகச் சுருங்கும்போது கறியுப்பு படியத் தொடங்கும். அதற்கு முன் சுண்ணச் சேர்வைகள் படியும். இறுதியில் எஞ்சும் கைப்பு நீரில் மகனீசிய உப்புக்கள் மிகும். உப்பளத்தில் அக்கடைசி நீரை வெளியேற்றுவதன் காரணம் இதுவே. ஒரே பொருளை வெவ்வேறு வயதினர் வெவ்வேறு மட்டத்திற் கற்கலாம் என்பதே இப்பாடத்தின் சிறப்பு. ஆறு வயதுப் பிள்ளை நீர்மட்டத்தை நாள்தோறும் கோடிட்டு எண்ணும். பத்து வயதுப் பிள்ளை ஒரு கிலோ உப்புக்கு எத்தனை லீற்றர் வேண்டும் எனக் கணித்து, ஏறத்தாழ 29 என விடை காணும். பதினான்கு வயதுப் பிள்ளை ஆவியாதலும் பளிங்காதலும் பற்றி எழுதும். அதனோடு, உப்பு விளைவிப்பவரின் கூலிக்கும் கடையில் உப்பின் விலைக்கும் உள்ள தொடர்பை விசாரித்து எழுதும்.

மூன்றாம் வாரம்: மணல். புல்மோட்டைக் கரையின் கருமணலில் இல்மனைற்று, உரூற்றைல், சேர்க்கோன் ஆகிய கனியங்கள் உள்ளன. அவற்றை எடுப்பதற்கென 1957 இல் அரச கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. இல்மனைற்றில் இரும்பும் தைத்தேனியமும் ஒட்சிசனும் உண்டு. தைத்தேனியம் என்ற மூலகம் முதன்முதலில் அறியப்பட்டதும் கருமணலிலேயே. 1791 இல் இங்கிலாந்தின் கோண்வாலில் வில்லியம் கிரெகோர் என்ற சமயகுரு ஒருவர், ஓடைக்கரை மணலை ஆராய்ந்து அதனைக் கண்டார். உலர்ந்த மணலில் காந்தத்தை இழுத்து ஒட்டுவதையும் ஒட்டாததையும் பிரித்தல், சம கனவளவுள்ள வெண்மணலையும் கருமணலையும் நிறுத்து ஒப்பிடல் என்பன வீட்டிலேயே செய்யக்கூடியவை. கருமணலிலிருந்தே வெள்ளைப் பூச்சுக்கான நிறப்பொருள் பெறப்படுகின்றது என்ற செய்தி பிள்ளையை வியப்பிலாழ்த்தும். அவ்வியப்பிலிருந்து அடுத்த வினா பிறத்தல் வேண்டும்: இம்மணல் எந்நாட்டுக்குச் செல்கின்றது, அதன் பெறுமதியில் இவ்வூருக்கு எஞ்சுவது யாது?

நான்காம் வாரம்: வலையும் கணக்கும். கரைவலையின் வருவாய் பங்காகப் பிரிக்கப்படுவது. பங்கு முறை இடத்துக்கிடம் வேறுபடும். ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைக் கொள்வோம். விற்றுவந்தது 48,000 ரூபா, செலவு 12,000 ரூபா, எஞ்சியது 36,000 ரூபா. இதில் பாதி வலையுடைய சம்மாட்டிக்கும் பாதி இழுத்த 15 பேருக்கும் எனின், ஒருவருக்கு 1,200 ரூபா. சம்மாட்டிக்கு மூன்றிலொரு பங்கு மட்டுமே எனின், ஒருவருக்கு 1,600 ரூபா. பின்னத்தைக் கற்கும் பிள்ளை, பின்னம் மாறும்போது ஒரு குடும்பத்தின் இரவுணவு மாறுவதையும் கற்கின்றது. கணிதத்தை வாழ்விலிருந்து பிரிக்காத இக்கல்வியையே பாவுலோ பிறைரி வயதுவந்தோர் எழுத்தறிவிற் செய்து காட்டினார். காந்தியடிகள் 1937 இல் வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்வியும் கைத்தொழிலை மையமாகக் கொண்டதே.

இந்நான்கு வாரங்களிலும் மொழிப்பாடம் தனியே நிற்காது ஊடுபாவாக ஓடும். காற்றுக்கும் மீனுக்கும் வலைக்கும் மூத்தோர் வழங்கும் சொற்களைப் பிள்ளைகள் ஒரு கொப்பியில் தொகுத்து, அகரவரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம் எழுதலாம். தமிழ், முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகள் தத்தம் வழக்குகளை ஒப்பிடலாம். சிங்கள அயலவரிடம் நிகரான சொல்லைக் கேட்டறியலாம். திரியாயிலே பல்லவ கிரந்த எழுத்தில், சமஸ்கிருத மொழியில், கடல் வணிகரைக் குறிப்பிடும் பழைய பாறைச் சாசனமொன்று உண்டு. இக்கரை பல மொழியினரும் பல சமயத்தினரும் வந்து சேர்ந்த கரை என்பதற்கு அதனினும் சிறந்த பாடம் வேறில்லை. யார் முன்வந்தவர் என்ற வழக்காடலுக்கு அச்சாசனத்தைப் பயன்படுத்தாதிருத்தலும் அப்பாடத்தின் ஒரு பகுதியாகும்.

5. எல்லைகளும் எச்சரிக்கைகளும்

இத்திட்டத்தின் ஆபத்துக்களையும் வெளிப்படையாகக் கூறுதல் எமது கடமை.

உழைப்பைப் பாடமாக்குதல் வேறு, பிள்ளையை உழைப்பாளியாக்குதல் வேறு. வலை இழுக்கும் பிள்ளைக்கு வலைக்கணக்குக் கற்பித்துவிட்டோம் என்று அமைதி கொள்ளல் ஆகாது. பாடசாலை மூடப்படும் காலங்களில் கடலுக்கும் கூலிக்கும் செல்லத் தொடங்கிய பிள்ளை மீண்டும் வகுப்பறைக்குத் திரும்பாமற் போவது எளிது. கோடைப் பாடத்தின் முதலாவது வெற்றி, தவணை தொடங்கும் நாளில் பிள்ளை பாடசாலை வாயிலில் நிற்பதே.

அடுத்து, வீட்டுக்கல்வி என்று நாம் எழுதும்போது அதன் சுமையைத் தாங்குபவர் யார்? பெரும்பாலும் தாய், தாய்க்கு இயலாதபோது மூத்த மகள். பெல் போற்றிய மாணவத் தலைமை, நடைமுறையில் பெண்பிள்ளையின் படிப்பைப் பலிகொடுக்கும் ஏற்பாடாக மாறிவிடலாம். ஆகவே நான்கைந்து வீடுகள் சேர்ந்து ஒரு முற்றத்தில் முறைவைத்துக் கற்பித்தல் வேண்டும். சனசமூக நிலையமும் பள்ளிவாசலும் கோயிலும் தத்தம் மண்டபங்களைக் காலையில் ஒன்றரை மணி நேரம் திறந்துவிடலாம். உயர்தரப் பரீட்சை எழுதி முடிவை எதிர்நோக்கியிருக்கும் இளைஞரும், விடுமுறையில் ஊர் திரும்பும் பல்கலைக்கழக மாணவரும் இதில் பங்குகொள்ளலாம். அவர்களுள் ஆண்களும் இருத்தல் வேண்டும்.

மூன்றாவது, அரசின் பொறுப்பு. வீட்டுப் பாடத்தின் வெற்றி, ஆசிரியர் பற்றாக்குறைக்கும் நூலகமின்மைக்கும் சமாதானமாகக் காட்டப்படக்கூடாது. தொற்றுக்காலத்தில் தொலைக்காட்சியும் கைப்பேசியும் வாயிலாகப் பாடங்கள் வழங்கப்பட்டபோது, மின்னிணைப்பும் கருவியும் அலைவரிசையும் உள்ள வீட்டுக்கே அவை எட்டின. தமிழ்நாட்டுத் திட்டம் பயனளித்தமைக்கு, அது அரசின் திட்டமாக, எல்லா ஊர்களுக்கும் உரியதாக இருந்தமை ஒரு முக்கிய காரணம் என நாம் கருதுகின்றோம்.

6. முடிவுரை

கோடைகாலப் பாடத்திட்டம் என்பது வெற்று நாட்களை நிரப்பும் அட்டவணையன்று. வீட்டில் நூலும் ஓய்வும் உள்ள பிள்ளைக்கும் அவையிரண்டும் இல்லாத பிள்ளைக்கும் இடையே விடுமுறை எழுப்பும் சுவரைத் தாழ்த்தும் முயற்சியே அது. அதற்குத் தேவையானவை பெரும்பொருளும் அயல்நாட்டு நூல்களும் அல்ல. ஒரு கோல், ஒரு தட்டு, ஒரு காந்தம், ஒரு கொப்பி, ஒன்றரை மணி நேரம், பொறுப்பேற்கும் சில மனிதர் ஆகியனவே. குச்சவெளியின் கடலும் மணலும் வெயிலும் பாடப்பொருளை ஏற்கெனவே தந்துள்ளன.

ஆயின் இவையனைத்தும் திறந்திருக்கும் பாடசாலையொன்றை நோக்கியே பிள்ளையை இட்டுச் செல்லல் வேண்டும். கச்சான் ஓய்ந்து வாடை வீசத் தொடங்கும்போது, வாடிகள் பிரிக்கப்படும். உப்பளங்கள் மழைக்கு முன் வெறிதாகும். அப்போது அப்பிள்ளையின் புத்தகப்பையினுள், நிழலின் அளவுகளும் ஊரின் சொற்களும் எழுதிய ஒரு கொப்பி இருக்குமாயின், ஆசிரியர் அதனை வாங்கிப் பார்த்து அதிலிருந்தே தமது அடுத்த பாடத்தைத் தொடங்குவாராயின், வீட்டுக்கும் பாடசாலைக்கும் இடையே நாம் நாடும் பாலம் அமைந்துவிட்டது எனலாம். அப்பாலத்தை அமைப்பதில் ஊரோடும் ஆசிரியரோடும் தோள்சேர்தல் பல்கலைக்கழகத்துக்கும் உரிய பணியென்பது எமது துணிபு.